பேட்டரி தீரவில்லை: பாரடைஸ் லாஸ்டின் 17ஆவது ஆல்பமும் அதன் பின்கதையும்

1990களின் கடைசியில், கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் ஒரு கேசட்டைக் கொடுத்தான். நகலின் நகல். பேனாவால் எழுதியிருந்த பெயர் பாதி அழிந்திருந்தது. வாக்மேனில் போட்டேன். கிதார் இழுவையாக வந்தது. டிரம்ஸ் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஆற அமர யோசித்தது. பாடுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, கடைக்குப் போய் இரண்டு பென்சில் பேட்டரி வாங்கி வந்து மாற்றினேன். அதே வேகம், அதே கிணறு. அறைத்தோழன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பாட்டின் வேகமே அவ்வளவுதான்.

கேசட்டில் இருந்தது பாரடைஸ் லாஸ்ட் என்ற ஆங்கிலேய மெட்டல் குழு 1991இல் வெளியிட்ட ‘கோதிக்’ ஆல்பம். அதே குழு 2025 செப்டம்பர் 19 அன்று ‘அசென்ஷன்’ என்ற தன் 17ஆவது ஸ்டூடியோ ஆல்பத்தை வெளியிட்டிருக்கிறது. 1988இல் தொடங்கிய குழு. பாடகர் நிக் ஹோம்ஸ், முன்னணி கிதார் கிரெகர் மேக்கின்டாஷ், தாள கிதார் ஆரன் ஏடி, பேஸ் கிதார் ஸ்டீவ் எட்மண்ட்சன் என்ற நால்வரும் தொடக்கத்திலிருந்து இன்றுவரை அப்படியே இருக்கிறார்கள். ராக் உலகில் கல்யாணங்களே இவ்வளவு நாள் நிலைப்பதில்லை. முந்தைய ஆல்பமான ‘அப்சிடியன்’ 2020 மே மாதம் வந்தது. இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே இவர்கள் ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டது இதுவே முதல் முறை.

மூத்த குழு எதுவானாலும் புதிய ஆல்பம் வரும்போது ‘வேர்களுக்குத் திரும்பிவிட்டார்கள்’ என்ற வாசகம் தவறாமல் வந்துவிடும். பாரடைஸ் லாஸ்ட் விஷயத்தில் இந்த வாசகத்தை நான் குறைந்தது நான்கு ஆல்பங்களுக்குப் படித்திருக்கிறேன். அப்படியானால் நடுவில் எத்தனை முறை வேரை விட்டுப் போனார்கள் என்று கேட்கத் தோன்றும். உண்மையில் குரல் மாறியது, வேகம் மாறியது, நிறுவனம் மாறியது, தலைமுடியின் நீளம்கூட மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை. அது மேக்கின்டாஷின் கிதார், பாட்டின் மேலே தனியாக நின்று அழும் அந்த ஒற்றை வரி மெட்டு. இந்தக் குழுவின் கதையை அந்தக் கிதாரைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் வழி தெரியும்.

முதலில் அந்த மெதுவுக்கு வருவோம். டூம் என்ற மெதுவான, கனமான மெட்டல் வகையின் மூலவர் பர்மிங்காமின் பிளாக் சபாத் குழு. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடக்கைக்காரர். ஆகவே கம்பியை அழுத்துகிற கைதான் வெட்டுப்பட்டது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பின்னர் கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். விரலுக்கு வலி குறைந்தது, ஒலிக்குப் பாரம் கூடியது. 1970இல் முதல் ஆல்பம் வந்தபின், அந்தப் பாரத்தையே தொழிலாக எடுத்துக்கொண்ட குழுக்கள் பல. அவற்றுள் சுவீடனின் கேண்டில்மாஸ் 1986இல் தன் முதல் ஆல்பத்திலேயே ‘டூம்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டது.

மெதுவாக வாசிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். வேகமான பாட்டில் ஒரு ஸ்வரம் மங்குவதற்குள் அடுத்தது வந்து மூடிவிடும், பிசகு தெரியாது. நிமிடத்துக்கு 60, 70 துடிப்பு என்று ஓடும் பாட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்து, நின்று, தேய்ந்து, அடங்குவதுவரை நம் காது கூடவே போகிறது. கோயில் மணியை அடித்த பிறகு அதன் ரீங்காரம் எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே நிற்போமே, அந்தக் கவனிப்புத்தான். டிரம்ஸ் வாசிப்பவர் அரை நொடி முந்தினாலும் அந்த ரீங்காரம் நறுக்கென்று வெட்டுப்பட்டுவிடும்.

ஸ்வரங்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. மேற்கத்திய இசையின் இயல்பான மைனர் வரிசை நம் நடபைரவியின் அதே ஏழு ஸ்வரங்கள்தான். ஹார்மோனிக் மைனர் என்பது கீரவாணி. டூம் மெட்டலின் பெரும்பகுதி இந்த இரண்டு வீட்டுக்குள்ளேயே உலவுகிறது. நம் கமகம் அங்கே கிடையாது. ஆனால் மேக்கின்டாஷ் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு ஸ்வரத்தை மெல்ல ஏற்றி, உச்சியில் நடுங்கவிட்டு இறக்கும்போது, கீரவாணி கேட்டுப் பழகிய காது ஒரு கணம் நிமிர்ந்து உட்காரும். இன்னொன்று: அவரும் அயோமியைப் போல இடக்கைக்காரர். இதற்கும் இசைக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

டூம் விளங்கிவிட்டது. கோதிக் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? அதற்கு ஊரைப் பார்க்க வேண்டும்.

ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்தின் வடக்கே மேற்கு யார்க்‌ஷர் மலைச்சரிவில் உள்ள நெசவுத் தொழில் நகரம். துணி வியாபாரத்துக்காகவே 1779இல் திறந்த பீஸ் ஹால் என்ற பெரும் கல் முற்றம் இன்றும் ஊர் நடுவே இருக்கிறது. கிராஸ்லி குடும்பத்தின் டீன் கிளஃப் ஆலை ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய கம்பள ஆலை என்று பெயர் வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டது. புகை படிந்து கறுத்த கல் கட்டடங்கள், வேலை போன தெருக்கள், முடிவில்லாத தூறல். இந்த நால்வரும் அங்கே வளர்ந்தவர்கள். இருட்டான இசை இருட்டான ஊரிலிருந்துதான் வரும் என்று சொல்வது சோம்பேறித்தனம் என்று எனக்குத் தெரியும். அதே ஊரில் அதே தூறலில் குதூகலமான பாட்டுக் குழுக்களும் இருந்திருக்கும். ஆனால் ஹாலிஃபாக்ஸ் இருந்த இடம் முக்கியம்.

சற்றுத் தள்ளி லீட்ஸ். 1980இல் அங்கே தொடங்கிய தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி, கோதிக் ராக் என்று உலகம் அழைக்கிற இசைக்கு முகம் தந்த குழுக்களில் ஒன்று. அடித்தொண்டைக் குரல், கறுப்பு உடை, மேடை முழுக்கப் புகை. டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை, இயந்திரம்தான். அதற்கு ‘டாக்டர் அவலாஞ்ச்’ என்று பெயர் சூட்டி ஓர் உறுப்பினராகவே நடத்தினார்கள். 1980களின் பிற்பகுதியில் யார்க்‌ஷர் வாலிபன் ஒருவன் சனிக்கிழமை மாலை கிளப்புக்குப் போனால் ஒரே கூரையின் கீழே இந்தக் கறுப்பு உடைக்காரர்களையும் பாடுவதற்குப் பதில் உறுமும் டெத் மெட்டலின் சட்டைக்காரர்களையும் பங்க் ஆட்களையும் பார்க்க முடிந்தது. பெரிய நகரங்களில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி மடம் உண்டு. சிறு ஊரில் எல்லோருக்கும் ஒரே திண்ணைதான்.

இன்னொரு பக்கம் டியூஸ்பரி. பீஸ்வில் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் அங்கே இருந்தது. பங்க் கேசட்டுகளை விற்பதில் தொடங்கி மெட்டலுக்கு வந்த நிறுவனம். பாரடைஸ் லாஸ்டின் முதல் ஆல்பம் 1990இல் அதன்வழி வந்தது. குழுவின் பெயர் மில்டனின் 1667ஆம் ஆண்டுக் காவியத்தின் பெயர். அந்தக் காவியத்தை வெ.ப. சுப்பிரமணிய முதலியார் ‘சுவர்க்க நீக்கம்’ என்ற பெயரில் எப்போதோ தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். முதல் ஆல்பத்துக்கு அதே பெயரைத் தலைகீழாக்கி ‘லாஸ்ட் பாரடைஸ்’ என்று வைத்தார்கள். கரடுமுரடான டெத் மெட்டல், மெதுவான வேகம், சுமாரான ஒலிப்பதிவு. அதோடு நின்றிருந்தால் இன்று யாருக்கும் இவர்கள் பெயர் நினைவிருக்காது.

அடுத்த ஆண்டு வந்தது ‘கோதிக்’. டியூஸ்பரியின் அகாடமி ஸ்டூடியோவில் பதிவானது. வாசித்தவர்கள் இருபது வயதை ஒட்டியவர்கள். முதல் பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மூன்று விஷயங்கள் நடக்கின்றன. ஆர்கெஸ்ட்ரா ஒலி ஒன்று பின்னால் எழுகிறது. ஹோம்ஸின் உறுமலுக்கு எதிரே சாரா மேரியன் என்ற பாடகியின் தெளிந்த குரல் நிற்கிறது. இரண்டுக்கும் மேலே, பாட்டு முடியும்வரை வாயை மூடாமல், மேக்கின்டாஷின் கிதார் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் 1987இலேயே மெட்டலுக்குள் பெண் குரலையும் ஆர்கெஸ்ட்ராவையும் கொண்டுவந்திருந்தது. ஆக, அவை முற்றிலும் புதியவை என்று சொல்ல முடியாது. மூன்றாவதுதான் புதியது.

அதுவரை மெட்டல் பாட்டில் முன்னணி கிதாருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பாடகர் பாடி முடிப்பார், நடுவில் அரை நிமிடம் கிதாருக்கு விடுவார்கள், அவர் விரல் வித்தை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரி. ‘கோதிக்’ ஆல்பத்தில் தனி ஆவர்த்தனமே இல்லை என்று சொல்லலாம், ஏனென்றால் கிதார் ஓய்வதே இல்லை. ஏடி கீழே கனமான கோர்வைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேக்கின்டாஷ் மேலே ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சின்ன மாற்றத்தோடு இழைப்பார். உறுமும் பாடகரால் மெட்டுப் பாட முடியாது, அவர் குரலில் ஸ்வரமே கிடையாது. ஆகவே பாடும் வேலையைக் கிதார் ஏற்றுக்கொண்டது. குரல் தாளமாகவும் கிதார் குரலாகவும் இடம் மாறிக்கொண்ட இந்த ஏற்பாடுதான் கோதிக் டூமின் அஸ்திவாரம். எழவு வீட்டில் ஒப்பாரி வைப்பவளின் இழுவைக்கும் பின்னால் மாரடிக்கும் கூட்டத்துக்கும் உள்ள உறவு போன்றது இது. ஒன்று மேலே அலைகிறது, மற்றது கீழே அடிக்கிறது.

இதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்க இந்தப் பயிர் விளைந்தது. பிராட்ஃபோர்டின் மை டையிங் பிரைட் வயலினைச் சேர்த்துக்கொண்டது. லிவர்பூலின் அனாதெமா கொஞ்சம் கொஞ்சமாக மெட்டலையே விட்டு நகர்ந்து வேறொன்றானது. மூன்றும் பீஸ்வில் குழுக்கள் என்பதால் ரசிகர்கள் ‘பீஸ்வில் மூவர்’ என்பார்கள், நம்மவர்கள் சங்கீத மும்மூர்த்திகளைச் சொல்வது போல. நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜடி உறுமலும் பெண்குரலும் மாறி மாறி உரையாடும் வடிவத்தை முழு ஆல்பமாகவே செய்தது. அங்கிருந்து அது எத்தனையோ குழுக்களுக்குப் பரவி, சில சமயம் திகட்டும் அளவுக்கு அலங்காரமானது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் புரூக்ளினில் டைப் ஓ நெகடிவ் தனி வழியில், கிண்டலும் சோகமுமாக, ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பாரடைஸ் லாஸ்ட் அங்கே நிற்கவில்லை. மியூசிக் ஃபார் நேஷன்ஸ் நிறுவனத்துக்குப் போய் 1992இல் ‘ஷேட்ஸ் ஆஃப் காட்’, 1993இல் ‘ஐகான்’, 1995இல் ‘டிராகோனியன் டைம்ஸ்’. உறுமல் முதலில் கத்தலானது, பிறகு பாட்டானது. கேட்பவர்கள் பெருகினார்கள். குறிப்பாக ஜெர்மனியில் பெரிய மண்டபங்கள் நிறைந்தன. ‘டிராகோனியன் டைம்ஸ்’ இன்றும் பலருக்கு இவர்களின் சிகரம். எனக்கு ‘ஐகான்’ ஒரு படி மேல். குரல் பாடக் கற்றுக்கொண்டிருக்கிற, இன்னும் முழுக்கக் கற்றுவிடாத அந்த நடுக்கட்டத்தில் ஒரு பதற்றம் இருக்கிறது. தேர்ச்சி வந்தபின் அது போய்விட்டது.

பிறகு அந்தப் புகழ்பெற்ற ‘துரோகம்’. 1997இல் ‘ஒன் செகண்ட்’ ஆல்பத்தில் கீபோர்ட் முன்னுக்கு வந்தது. 1999இல், பெருநிறுவனமான ஈஎம்ஐயின் வெளியீடாக வந்த ‘ஹோஸ்ட்’ ஆல்பத்தில் மெட்டலே இல்லை. டெபேஷ் மோட் பாணி மின்னணு இசை, வெட்டிய தலைமுடி, மினுக்கான படங்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். நானும் அப்போது கொதித்தவன்தான், ஒளிப்பானேன். இருபத்தைந்து ஆண்டு கழித்து அதை மறுபடி கேட்டபோது சிரிப்பு வந்தது. கிதாரை அடக்கிவிட்டார்கள், சரி. ஆனால் அந்த மெட்டு எங்கேயும் போகவில்லை. கீபோர்டிலும் வயலின் போன்ற ஒலிகளிலும் அதே மைனர் வளைவு, அதே ஏறி இறங்கும் நடுக்கம் ஒளிந்திருக்கிறது. வாத்தியத்தை மாற்றினாலும் கை ஒன்றுதானே. அந்த ஆல்பத்தை அவர்கள் கைகழுவவும் இல்லை. 2023இல் ஹோம்ஸும் மேக்கின்டாஷும் ‘ஹோஸ்ட்’ என்ற பெயரிலேயே தனிக் குழு தொடங்கி மின்னணு இசை ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்கள். ரசிகர்களுக்குச் சொல்லாமல் சொன்ன பதில் அது.

2000களில் படிப்படியாகக் கனம் திரும்பியது. 2005, 2007, 2009 என்று வந்த ஆல்பங்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு பிடி அதிக எடை. அவற்றைத் தாண்டிப் போய்விடலாம், ஒரு விஷயத்தைத் தவிர. 2009இல் மேக்கின்டாஷின் தந்தை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து அவர் வேலன்ஃபயர் என்ற குழுவைத் தொடங்கினார். இளவயதில் கேட்டு வளர்ந்த பழைய, அழுக்கான டெத் மெட்டல். அதில் அவரே உறுமினார். 2011இல் வந்த அதன் முதல் ஆல்பம் முழுக்க அந்த மரணத்தைச் சுற்றியது. இருபது ஆண்டுகளாகக் கற்பனைத் துக்கத்துக்கு மெட்டுப் போட்டவர், நிஜமானது வந்தபோது மெட்டை விட்டுவிட்டு இரைச்சலைத் தேடிப் போனார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஹோம்ஸும் 2014இல் சுவீடனின் பிளட்பாத் என்ற டெத் மெட்டல் குழுவுக்குப் பாடப் போய் மீண்டும் உறுமத் தொடங்கினார். இருவரும் வெளியே போய்ப் பழைய சரக்கைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். 2015இன் ‘த பிளேக் வித்தின்’ ஆல்பத்தில் உறுமல் திரும்பியது. அதில் ‘பினீத் புரோக்கன் எர்த்’ என்ற பாட்டு, என் பழைய பேட்டரி சந்தேகத்தை மறுபடி எழுப்பும் அளவுக்கு மெதுவானது. நியூக்ளியர் பிளாஸ்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு மாறி 2017இல் வெளியிட்ட ‘மெடூசா’ இன்னும் ஒரு படி இருட்டு. இதற்கு நடுவே, 2014 செப்டம்பரில், பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில், ஊர் ஆர்கெஸ்ட்ராவோடும் பாடகர் குழுவோடும் ஒரு கச்சேரி நடத்தினார்கள். 1991இல் சிறு ஸ்டூடியோவில் கனவாக மட்டும் இருந்த ஆர்கெஸ்ட்ரா, ரத்தமும் சதையுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

இனி ‘அசென்ஷன்’. உறையிலிருந்தே தொடங்க வேண்டும். ஜார்ஜ் ஃபிரெடெரிக் வாட்ஸ் என்ற விக்டோரியக் காலத்து ஓவியர் வரைந்த ‘த கோர்ட் ஆஃப் டெத்’ ஓவியம் அது. மரணம் ஒரு தேவதை உருவில் அரியணையில் அமர்ந்திருக்கிறது. போர்வீரன் வாளை ஒப்படைக்கிறான், பிரபு தன் கிரீடத்தைக் காலடியில் வைக்கிறான், நோயுற்ற இளம்பெண் சாய்ந்துகொள்கிறாள். பக்கத்தில் ஒரு குழந்தை சவத்துணியை எடுத்து விளையாடுகிறது. உற்றுப் பார்த்தால் மரணத்தின் மடியிலேயே ஒரு பச்சிளங்குழந்தை இருக்கிறது. ஏழைகளைப் புதைக்கும் இடுகாட்டின் சிற்றாலயத்துக்காக வாட்ஸ் முதலில் எண்ணிய படம் இது. சுமார் 1870இல் தொடங்கி, 1902வரை விட்டு விட்டுத் தீட்டினார். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே சாவைத் திரும்பத் திரும்ப வரைந்தவரின் படத்தை, முப்பத்தேழு ஆண்டு அதையே வாசித்தவர்கள் உறையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மெட்டல் ஆல்பங்களில் மண்டையோடும் ரத்தமும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இந்த அமைதி உறைக்கிறது. யாரும் கதறவில்லை. எல்லோரும் வரிசையில் வந்து ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆல்பத்தில் 10 பாட்டுகள். தயாரிப்பு மேக்கின்டாஷ். வழக்கம்போல இசை அவருடையது, வரிகள் ஹோம்ஸுடையவை. முதலில் தனியாக வெளிவந்த ‘சைலன்ஸ் லைக் த கிரேவ்’ கேட்டவுடனேயே ‘ஐகான்’ காலத்து வாசனை அடித்தது. காரணம் இருக்கிறது. ‘ஐகான்’ வந்து 30 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2023இல் அந்த ஆல்பம் முழுவதையும் புதிதாக வாசித்துப் பதிந்து ‘ஐகான் 30’ என்று வெளியிட்டார்கள். இளவயதில் போட்ட மெட்டுகளை ஐம்பதைத் தாண்டிய விரல்கள் ஸ்வரம் ஸ்வரமாக மறுபடி எடுத்து வாசிக்கும்போது, அன்று யோசிக்காமல் செய்தவை எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். அந்தப் பாடம் புதிய பாட்டுகளில் ஒட்டியிருக்கிறது. பாட்டின் நடை சுருங்கியிருக்கிறது, மெட்டு முன்னால் வந்திருக்கிறது.

முதல் பாட்டு ‘செர்பென்ட் ஆன் த கிராஸ்’ உறுமலும் கனமுமாகக் கதவைத் திறக்கிறது. ‘டைரண்ட்ஸ் செரனேட்’ அடித்தொண்டைக் குரலில் பாடிய, லீட்ஸ் வாடை வீசும் பாட்டு. ‘சால்வேஷன்’ நீளமானது, மெதுவானது, பழைய டூம் ரசிகனுக்கு நேர்ந்துவிட்ட ஆடு. ‘லே எ ரீத் அப்பான் த வேர்ல்ட்’ மெல்லிய கிதாரில் தொடங்கிப் பிறகு பாரம் ஏற்றிக்கொள்கிறது. ஒரே ஆல்பத்துக்குள் 1991, 1993, 1995, 2017 எல்லாம் அடுத்தடுத்த அறைகளாக இருக்கின்றன.

இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஹோம்ஸின் தெளிந்த குரலில் வயது தெரிகிறது. அவர் அதை மறைக்க முயலாமல் அடித்தொண்டையிலேயே நின்றுகொள்வது புத்திசாலித்தனம்தான், ஆனால் இரண்டு மூன்று பாட்டுகளில் ஒரே நிறம் தட்டுகிறது. நடுவில் வரும் சில பாட்டுகள், இந்தக் குழு தூக்கத்திலேயே எழுதிவிடக்கூடிய ரகம். ‘மெடூசா’வின் அந்தப் பிடிவாதம், ஒரே இருட்டுக்குள் கடைசிவரை உட்கார்ந்திருக்கும் துணிவு, இங்கே இல்லை. எல்லாக் காலத்து ரசிகர்களுக்கும் ஒரு பாட்டாவது கொடுத்துவிட வேண்டும் என்ற பந்தி விசாரிப்பு கொஞ்சம் தெரிகிறது.

இருந்தும் மூன்றாவது தடவை கேட்கும்போது குறைகள் பின்னால் போய்விட்டன. காரணம் அந்தக் கிதார்தான். ஒரு பாட்டில் ஹோம்ஸ் உறுமுகிறாரா பாடுகிறாரா என்பதைப் பொறுத்து மேக்கின்டாஷ் தன் மெட்டை நகர்த்துவதைக் கவனித்துப் பாருங்கள். உறுமும் இடத்தில் கிதார் நீளமான, பாடக்கூடிய வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறது. ஹோம்ஸ் பாடத் தொடங்கியதும் அது சுருங்கி, வரிகளுக்கு நடுவே மட்டும் எட்டிப் பார்க்கிறது, நல்ல பக்கவாத்தியக்காரர் போல. 1991இல் தேவைக்காகப் பிறந்த ஏற்பாடு, இரண்டு குரலும் கைவசமான பிறகு தேர்ந்தெடுத்துச் செய்யும் நுட்பமாகியிருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் எட்மண்ட்சனின் பேஸ் காணாமல்போய், கட்டடம் அஸ்திவாரம் இல்லாமல் தொங்கும்.

கூடப் பிறந்த குழுக்களின் இன்றைய நிலையை வைத்துப் பார்த்தால் இந்த ஆல்பத்தின் இடம் இன்னும் தெளிவாகும். அனாதெமா 2020இல் கதவைச் சாத்தியது. மை டையிங் பிரைட் 2024இல் நல்லதோர் ஆல்பம் வெளியிட்டபின் கச்சேரிகளை ரத்து செய்தது, பிறகு வேறொரு பாடகரை வைத்து மேடையேறியது. டைப் ஓ நெகடிவின் பாடகர் பீட்டர் ஸ்டீல் 2010இலேயே இறந்துபோனார், குழுவும் அவரோடு முடிந்தது. பாரடைஸ் லாஸ்டின் நீடிப்புக்கு ரகசியம் என்று எதையும் அவர்கள் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வேலைப் பங்கீடு தெளிவாக இருக்கிறது: ஒருவர் இசை, ஒருவர் வரி, மற்ற இருவருக்கும் அதில் உரிமைச் சண்டை இல்லை. எனக்குத் தெரிந்த பல கூட்டு வியாபாரங்கள் இவ்வளவு எளிய விஷயத்தில்தான் உடைந்தன.

ஒரே ஒரு நாற்காலிதான் ராசியில்லாதது. டிரம்ஸ். முதலில் இருந்த மேத்யூ ஆர்ச்சர் ‘ஐகான்’ ஆல்பத்தோடு போனார். பிறகு லீ மோரிஸ் வந்தார், அவருக்குப் பின் ஜெஃப் சிங்கர், அவருக்குப் பின் ஏட்ரியன் எர்லாண்ட்சன். பின்லாந்திலிருந்து வந்த வால்டெரி வாய்ரினன் 2022இல் சுவீடனின் ஓபெத் குழுவுக்குப் போய்விட்டார். ‘அசென்ஷன்’ ஆல்பத்தில் வாசித்திருப்பவர் இத்தாலியரான குயிடோ ஜீமா. ஆல்பம் கடைக்கு வந்த 2025இல் அவரும் அந்த இடத்தில் இல்லை. 2008இல் விலகிப்போன ஜெஃப் சிங்கரையே மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் முன்பு உட்கார்ந்திருந்த காலத்தில் ‘பினீத் புரோக்கன் எர்த்’ எழுதப்படவே இல்லை. பதினேழு ஆண்டு இடைவெளியில் மற்றவர்கள் வாசித்து வைத்துவிட்டுப் போன பாட்டுகளை, குழு இதுவரை எழுதியவற்றிலேயே மெதுவானவை சிலவற்றையும் சேர்த்து, அவர் இப்போது ஓர் அடி, பிறகு இன்னோர் அடி என்று கற்றுக்கொள்ள வேண்டும்.